உயிரியல் தொட்டியைத் தாண்டியும் சிதையாத கழிவு: கூட்டு ஆக்சிஜனேற்ற முறைகளில் எதைத் தேர்வது?

வெளிநீர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். களைக்கொல்லி இடைப்பொருள்களைத் தயாரிக்கும் ஓர் ஆலையின் கழிவுநீர்ப் பிரிவைக் கவனித்து வருகிறேன். நாளொன்றுக்கு 150 கன மீட்டர் கழிவுநீர் உயிரியல் தொட்டியைக் கடந்து வெளியே வருகிறது. அதில் வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது சி.ஓ.டி., லிட்டருக்கு 400 மி.கி. அளவில் நின்றுவிடுகிறது, நுண்ணுயிர்கள் உண்ணக்கூடிய பங்கைக் காட்டும் பி.ஓ.டி. 15 மி.கி. மட்டுமே. எனவே நுண்ணுயிர்களால் உண்ணக்கூடியது ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். எஞ்சியிருப்பவற்றில் டிரையசின் வகைக் களைக்கொல்லி எச்சங்களும், 1,4-டையாக்சேன் என்ற கரைப்பான் லிட்டருக்கு 2 மி.கி. அளவிலும் இருப்பது தெரியவந்துள்ளது. நீர் பழுப்பு நிறம் கொண்டது, பி.எச். 7.9, காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் 900 மி.கி.; குளோரைடு 3,500 மி.கி.

சி.ஓ.டி.-யை 250-க்குக் கீழே இறக்க வேண்டும்; டையாக்சேனும் களைக்கொல்லி எச்சங்களும் நீங்க வேண்டும். ஆலோசகர் ஒருவர் புற ஊதாக் கதிரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் இணைத்த முறையைப் பரிந்துரைத்திருக்கிறார். இரும்பு உப்பையும் பெராக்சைடையும் சேர்க்கும் பென்டன் முறையோ, ஓசோனுடன் பெராக்சைடைச் சேர்க்கும் முறையோ இதற்கு மேலாகுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆலைநீர்

முதலில் கேட்க வேண்டிய எண் உங்கள் பட்டியலில் இல்லை. 254 நானோமீட்டர் அலைநீளத்தில் இந்த நீர் எவ்வளவு ஒளியை விடுகிறது? பழுப்பு நிறக் கழிவுநீரில் ஒரு சென்டிமீட்டருக்கு 1 என்ற உறிஞ்சளவு சாதாரணமானது. அப்படியானால் விளக்கின் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு முதல் சென்டிமீட்டரிலேயே மடிந்துவிடும்.

அதைவிட முக்கியமானது, மடிகிற ஒளியை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது. ஹைட்ரஜன் பெராக்சைடு இந்த அலைநீளத்தில் மிகச் சோம்பலாகவே ஒளியை உறிஞ்சும்; அதன் மோலார் உறிஞ்சுதிறன் 18.6 மட்டுமே. லிட்டருக்கு 500 மி.கி. பெராக்சைடு ஊற்றினாலும் அதன் பங்கு சென்டிமீட்டருக்கு 0.27 தான். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் வேலைக்கு வரும். மீதி நான்கு பங்கு நிறத்தைச் சூடாக்குவதில் வீணாகும். இதோடு, காரத்தன்மை மிகுந்த நீரில் விளக்கு உறையின் மேல் படியும் சுண்ணாம்புப் படலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் இந்த அளவீட்டைக் கேட்காமலே முறையைச் சொல்லியிருந்தால், அவர் உங்கள் நீரைப் பார்த்துச் சொல்லவில்லை என்றே பொருள்.

வேதிவினை

ஆலைநீர் அவர்கள் கூறியதோடு உடன்படுகிறேன். முறைகளை ஒப்பிடும் முன் அவை அனைத்துக்கும் பொதுவான அடிப்படையைச் சொல்லிவிடுவது நல்லது. அதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1894-இல் பென்டன் இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்ந்து டார்டாரிக் அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்வதைப் பதிவு செய்தார். அந்த வினையில் ஹைட்ராக்சில் தனி உறுப்பு (இணையற்ற எலெக்ட்ரான் கொண்ட, கடும் வினைத்திறனுள்ள துணுக்கு) உருவாகிறது என்ற விளக்கத்தை ஹேபரும் வைசும் 1934-இல் முன்வைத்தார்கள். இந்தத் தனி உறுப்பை நீரைச் சுத்திகரிக்கப் போதுமான அளவில் உண்டாக்கும் முறைகள் அனைத்தையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து, மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகள் என்று 1987-இல் கிளேசும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெயரிட்டார்கள். ஆகவே பென்டன், ஓசோனும் பெராக்சைடும், புற ஊதாவும் பெராக்சைடும் ஆகிய மூன்றும் ஒரே ஆயுதத்தைத் தயாரிக்கும் மூன்று வழிகள். அந்த ஆயுதத்தின் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் 2.8 வோல்ட், ஓசோனுக்கு அது 2.07 வோல்ட்.

இணைப்பு எதற்காக என்பதற்கு உங்கள் டையாக்சேனே சான்று. ஓசோன் தேர்ந்தெடுத்துத் தாக்கும் இயல்புடையது. இரட்டைப் பிணைப்பும் பீனால் வளையமும் கண்டால் பாய்கிறது, டையாக்சேனைக் கண்டால் ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. ஹைட்ராக்சில் தனி உறுப்போ, டையாக்சேனுடன் சுமார் 3×10⁹ என்ற வினைவேக மாறிலியோடு வினைபுரிகிறது. ஓசோனோடு பெராக்சைடைச் சேர்ப்பதன் நோக்கம் ஓசோனைத் தனி உறுப்பாக மாற்றுவதுதான். இரண்டு மூலக்கூறு ஓசோனுக்கு ஒரு மூலக்கூறு பெராக்சைடு என்ற கோட்பாட்டு விகிதம், எடையில் ஒரு கிராம் ஓசோனுக்கு ஏறத்தாழ 0.35 கிராம் பெராக்சைடாக வரும்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். இந்தத் தனி உறுப்பு எதையும் விட்டுவைக்காது என்பதுதான் அதன் பலவீனமும். உங்கள் நீரில் அது யாரிடம் சிக்கும் என்று கணக்கிடலாம். சி.ஓ.டி. 400 என்றால் கரைந்த கரிமக் கார்பன் சுமார் 130 மி.கி. இருக்கும். இயற்கை நீர்களுக்குச் சொல்லப்படும் சராசரி மாறிலியை இங்கும் பொருத்தினால் (ஆலைக் கழிவுக்கு இது தோராயமே), கரிமங்கள் வினாடிக்கு 32 லட்சம் என்ற வீதத்தில் தனி உறுப்பை விழுங்குகின்றன. 500 மி.கி. பெராக்சைடு தானே 4 லட்சத்தையும், பைகார்பனேட்டு 1.5 லட்சத்தையும் எடுத்துக்கொள்ளும். உங்கள் இலக்கான டையாக்சேனுக்குக் கிடைப்பது 68,000 மட்டுமே. அதாவது நீங்கள் பணம் கொடுத்து உண்டாக்கும் நூறு தனி உறுப்புகளில் இரண்டுகூட டையாக்சேனைச் சென்று சேராது.

பாடநூல்கள் காரத்தன்மையைத்தான் முதல் எதிரியாகக் காட்டுகின்றன. உங்கள் நீரில் அதன் பங்கு நூற்றுக்கு நான்கு. உண்மையான போட்டி கரிமங்களுக்குள்ளேயேதான் நடக்கிறது.

ஐயப்பாடு

இவ்வளவு வீணடிப்பு என்றால் ஏன் ஆக்சிஜனேற்றத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம்? கிளர்வூட்டிய கரியில் இந்நீரை விட்டால் நிறமும் டிரையசினும் ஒன்றாக நீங்குமே. சிதைப்பதில்தான் பெருமை என்று யாரும் சொல்லவில்லையே.

வேதிவினை

டிரையசினுக்கு அது பொருந்தும். கரி அவற்றை நன்றாகவே பிடிக்கும். டையாக்சேன் நீரோடு எல்லா விகிதத்திலும் கலக்கக்கூடியது; கரி அதைச் சரியாகப் பிடிப்பதில்லை, காற்றூதினாலும் போதிய அளவு வெளியேறுவதில்லை. எதிர்ச்சவ்வூடு பரவலில் பெரும்பகுதி தடுக்கப்படும், ஆனால் தடுக்கப்பட்டது அடர்கழிவாக உங்கள் கையிலேயே இருக்கும். டையாக்சேன் இல்லாதிருந்தால் நானும் முதலில் கரியைத்தான் சோதிக்கச் சொல்லியிருப்பேன்.

பகுப்பாய்வு

முறை எதுவாயினும், சோதனைக் குடுவையில் கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்ற கேள்வி முதலில் தீர வேண்டும். பெராக்சைடு சேர்த்த நீரின் சி.ஓ.டி.-யை அப்படியே அளந்தால் கிடைப்பது சி.ஓ.டி. அன்று.

சி.ஓ.டி. சோதனையில் பயன்படும் டைகுரோமேட்டு பெராக்சைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். எஞ்சியிருக்கும் ஒவ்வொரு மில்லிகிராம் பெராக்சைடும் 0.47 மி.கி. பொய்யான சி.ஓ.டி.-யாகத் தோன்றும். லிட்டருக்கு 200 மி.கி. பெராக்சைடு எஞ்சியிருந்தால் 94 மி.கி. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்து முறை தோற்றது என்று முடிவு செய்தவர்கள் பலர். எஞ்சிய ஃபெரஸ் இரும்பு அயனியும் மில்லிகிராமுக்கு 0.14 மி.கி. சேர்க்கும். பெராக்சைடை அழிக்கச் சோடியம் சல்பைட்டை அள்ளிப் போட்டால், மிகுந்து நிற்கும் சல்பைட்டும் மில்லிகிராமுக்கு 0.13 மி.கி. சி.ஓ.டி. தரும்.

அடுத்தது குளோரைடு. மூடிய குழாயில் டைகுரோமேட்டுடன் சூடாக்கும் வழக்கமான முறை, குளோரைடு லிட்டருக்கு 2,000 மி.கி.-க்கு மேல் சென்றால் பாதரச சல்பேட்டைப் போட்டாலும் நம்பகத்தை இழக்கிறது. உங்கள் நீரில் 3,500 இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன 400 என்ற எண்ணே மிகைப்பட்டதாக இருக்க வாய்ப்புண்டு. மாதிரியை நீர்க்கச் செய்து அளந்தீர்களா? மொத்தக் கரிமக் கார்பனை அளக்கும் கருவி கிடைக்குமானால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெராக்சைடு அங்கே குறுக்கிடாது.

வெளிநீர்

நீர்த்து அளக்கவில்லை; அளந்து சொல்கிறேன். கார்பன் கருவி வெளி ஆய்வகத்தில் இருக்கிறது.

இதற்கிடையில் ஆலோசகர் தம் சோதனை முடிவை அனுப்பியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் அட்ரசின் என்ற டிரையசின் களைக்கொல்லி 95 விழுக்காடு நீங்கியதாகவும், கார்பன் அளவு 12 விழுக்காடு மட்டுமே குறைந்ததாகவும் அதில் உள்ளது. நீக்கம் 95 என்றால் இது வெற்றிதானே? நான் இதை எப்படிப் படிக்க வேண்டும்?

பகுப்பாய்வு

அட்ரசின் தன் பெயரை இழந்தது என்று படிக்க வேண்டும். அதன் பக்கச் சங்கிலிகள் கழன்று, டீஎத்தில் அட்ரசின் போன்ற விளைபொருள்கள் உருவாகியிருக்கும். அவற்றைத் தேடாத கருவிக்கு அவை இல்லை. நீருக்கு அவை இருக்கின்றன.

வேதிவினை

டிரையசின் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஹைட்ராக்சில் தனி உறுப்பு பக்கச் சங்கிலிகளை எளிதில் கழற்றிவிடும், ஆனால் நைட்ரஜனும் கார்பனும் மாறிமாறி அமைந்த அந்த ஆறணு வளையத்தின் முன் நின்றுவிடும். பென்டன் முறையில் குளோரினும் இரண்டு அமினோ தொகுதிகளும் ஒட்டிய வளையமே பெரும்பாலும் எஞ்சுகிறது. டைட்டானியம் டைஆக்சைடு ஒளிவினையூக்கியில் நீண்ட நேரம் வைத்தால் சயனூரிக் அமிலம் வரை போகும். அதற்கு அப்பால் போகாது. எவ்வளவு பெராக்சைடு ஊற்றினாலும் இந்த வளையத்தைக் கார்பன் டைஆக்சைடாக்க முடியாது என்பதை ஆலோசகரிடம் சொல்லலாம்.

இடைநிலையில் நிறுத்துவதால் நிலைமை மோசமாவதும் உண்டு. பீனாலைத் தாக்கும்போது முதலில் ஹைட்ரோகுயினோனும் பென்சோகுயினோனும் உருவாகின்றன. இவை பீனாலைவிட நச்சுத்தன்மை மிக்கவை, நீரின் நிறத்தையும் அடர்த்தியாக்கும். வினை தொடங்கிச் சற்று நேரத்தில் நிறம் கூடுவதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள், நிறுத்தக் கூடாத இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

ஆனால் இதே உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. சயனூரிக் அமிலத்தை உடைக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள் இருக்கின்றன. டையாக்சேன் சிதையும்போது பெரிதும் உருவாகும் எத்திலீன் கிளைக்கால் டைபார்மேட்டும் நுண்ணுயிர்களுக்கு எளிய உணவு. எனவே ஆக்சிஜனேற்றத்தை இறுதிக் கட்டமாக வைத்து, எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுவதைவிட, உடைக்கத் தொடங்கும் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்து, முடிக்கும் வேலையை மீண்டும் உயிரியல் தொட்டிக்குக் கொடுப்பது மலிவு. இந்த நோக்கில் பார்த்தால், கார்பன் குறையாமல் பி.ஓ.டி.-க்கும் சி.ஓ.டி.-க்குமான விகிதம் 0.04-இலிருந்து 0.3 அல்லது 0.4-க்கு உயர்ந்தால் அதுவே வெற்றி. ஆலோசகரின் அறிக்கையில் அந்த விகிதம் இருக்கிறதா?

வெளிநீர்

இல்லை. நீக்க விழுக்காடும் கார்பனும் மட்டுமே உள்ளன.

ஆலைநீர்

பென்டன் பக்கம் சாய்பவர்களுக்காக, நடைமுறையில் அது எப்படியிருக்கும் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். ஆய்வுக் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

வினை பி.எச். 3-ஐ ஒட்டித்தான் நன்றாக நடக்கும். 4-ஐத் தாண்டினால் இரும்பு வீழ்படிவாகிவிடும். 900 மி.கி. காரத்தன்மையைக் கொல்ல லிட்டருக்கு 0.88 கிராம் கந்தக அமிலம் வேண்டும். 150 கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 132 கிலோ. அப்போது லிட்டருக்கு 0.8 கிராம் வரை கார்பன் டைஆக்சைடு பொங்கி எழும். தொட்டியில் நுரைக்கு இடம் விடாமல் கட்டியவர்கள் முதல் நாளே தரையைக் கழுவ வேண்டியிருக்கும். பைகார்பனேட்டு முழுவதும் வெளியேறுவது ஒரு நன்மை. தனி உறுப்பை விழுங்கும் அந்தப் பங்கு நீங்கிவிடுகிறது. ஆனால் சேர்த்த சல்பேட்டு நீரிலேயே தங்கி, கரைந்த உப்பின் அளவைக் கூட்டும்.

ஒரு கிராம் சி.ஓ.டி.-யை முழுதாக ஆக்சிஜனேற்றக் கோட்பாட்டளவில் 2.1 கிராம் பெராக்சைடு தேவை. 150 மி.கி. இறக்க 320 மி.கி. என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில் 600 வரை போக நேரிடலாம். அதில் ஐந்தில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரை இரும்பு என்றால் 60 முதல் 120 மி.கி. நடுநிலையாக்கும்போது அது 115 முதல் 230 மி.கி. இரும்பு ஹைட்ராக்சைடு கசடாகும். உலர் எடையில் நாளொன்றுக்கு 17 முதல் 34 கிலோ. அழுத்தி வடித்த கட்டியில் கால் பங்குதான் திடப்பொருள் என்றால் எடை நான்கு மடங்காகும். சுண்ணாம்பால் நடுநிலையாக்கினால் ஜிப்சம் தனியாகச் சேரும். டிரையசின் படிந்த கசடு என்பதால் அதை எங்கே கொட்டுவது என்பதும் உங்கள் பொறுப்பு.

ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். பெராக்சைடு இல்லாமல், அதே அளவு இரும்பை மட்டும் ஃபெரிக் உப்பாகச் சேர்த்து, அதே பி.எச். மாற்றங்களைக் கொடுத்து, படியவிட்டு அளந்து பாருங்கள். பென்டனின் சாதனை என்று சொல்லப்படும் சி.ஓ.டி. குறைவில் கணிசமான பகுதி வெறும் திரட்டலால் வந்தது என்பது அப்போது தெரியும். பழுப்பு நிறக் கரிமங்கள் இரும்போடு சேர்ந்து படிவதற்குப் பெராக்சைடு தேவையில்லை.

ஓசோன் வழியிலும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ சி.ஓ.டி.-க்கு இரண்டு கிலோ ஓசோன் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 45 கிலோ ஓசோன் வேண்டும். கிலோவுக்குச் சுமார் 10 கிலோவாட்-மணி என்றால் கன மீட்டருக்கு 3 கிலோவாட்-மணி. ஆக்சிஜன் செலவு தனி. அமிலம் இல்லை, கசடு இல்லை. முதலீடு அதிகம்.

வேதிவினை

குளோரைடு பற்றிய ஒரு நுட்பத்தையும் ஆலைநீர் அவர்களின் கணக்கோடு சேர்க்க வேண்டும். நடுநிலை நீரில் ஹைட்ராக்சில் தனி உறுப்பு குளோரைடோடு சேர்ந்தாலும் உடனே பிரிந்து திரும்பிவிடும். அமில நீரில் திரும்பும் அந்த வழி அடைபட்டு, குளோரின் தனி உறுப்புகளாக மாறிவிடுகிறது. ஆகவே 3,500 மி.கி. குளோரைடு, ஓசோன் முறையைவிடப் பென்டன் முறையைத்தான் கடுமையாகப் பாதிக்கும். வேகம் குறைவதோடு, குளோரின் ஏறிய கரிமங்கள் புதிதாக உருவாகும் ஆபத்தும் இருக்கிறது. பெர்சல்பேட்டைத் தூண்டிச் சல்பேட் தனி உறுப்பை உண்டாக்கும் முறையை யாராவது பரிந்துரைத்தால், இந்த நீருக்கு அது இன்னும் பொருந்தாது; சல்பேட் தனி உறுப்பு குளோரைடோடு நேரடியாகவே வினைபுரிந்துவிடும்.

குடிநீர்ப்பிரிவு

இந்த இழையைப் படித்துவிட்டுப் புற ஊதாவும் பெராக்சைடும் சேர்ந்த முறையே பயனற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நெதர்லாந்தின் ஆண்டைக் குடிநீர் நிலையத்தில் 2004 முதல் அது முழு அளவில் இயங்கியது; அங்கு இலக்குகளில் ஒன்று அட்ரசின்தான். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டியில் 2008 முதல் மறுசுழற்சி நீரில் எதிர்ச்சவ்வூடு பரவலுக்குப் பின் அதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். சவ்வைக் கடந்த நீரில் கரிமமும் காரத்தன்மையும் மிகக் குறைவு, நிறமும் இல்லை. தனி உறுப்புக்கு இலக்கைத் தவிர வேறு போட்டியாளர் குறைவு. அத்தகைய நீருக்கான கலிபோர்னிய விதி, டையாக்சேனை 0.5 மடக்கை அளவு, அதாவது 69 விழுக்காடு, குறைத்துக் காட்டுவதையே ஒரு தேர்வாக வைத்திருக்கிறது.

ஒளி விடும் தன்மை எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்பதற்கு ஒரு கணக்கு: லிட்டருக்கு 10 மி.கி. பெராக்சைடு சேர்க்கும் முன் நீர் ஒரு சென்டிமீட்டரில் 90 விழுக்காடு ஒளியை விடுமானால், பெராக்சைடுக்குக் கிடைப்பது ஒளியில் சுமார் 11 விழுக்காடு. 95 விழுக்காடு விடுமானால் சுமார் 20. அந்த ஐந்து புள்ளி உயர்வில் பயன் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. விளக்கைப் பெரிதாக்குவதைவிட முன்சுத்திகரிப்பைச் செம்மைப்படுத்துவது மலிவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஓசோனைத் தேர்ந்தெடுத்தால் புரோமைடை அளந்துவிடுங்கள். உப்பு மிகுந்த நீரில் அது இருக்கும். ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும். குடிநீரில் புரோமேட்டுக்கு உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பெராக்சைடைச் சேர்ப்பது இடையில் உருவாகும் ஹைப்போபுரோமஸ் அமிலத்தைத் திரும்பப் புரோமைடாக்குவதால் புரோமேட்டு குறையும், ஆனால் முற்றிலும் நிற்காது. உங்கள் நீரை ஆலைக்குள் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இது பொருட்படுத்த வேண்டியது.

புதுமுகம்

இழையின் நடுவே ஒரு கேள்வி. புளோரின் ஏறிய நிரந்தர வேதிப்பொருள்களுக்கும் இதே முறைகள் பயன்படுமா? எங்கள் நீரில் அவை இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கிறோம்.

வேதிவினை

பயன்படா என்பதே நேர்மையான விடை. கார்பனுக்கும் புளோரினுக்கும் இடையிலான பிணைப்பை ஹைட்ராக்சில் தனி உறுப்பால் நடைமுறையில் அசைக்க முடிவதில்லை. முழுதும் புளோரின் ஏறிய சங்கிலியில் அது பற்றிக்கொள்ள ஒரு ஹைட்ரஜன்கூட இல்லை. இன்னும் மோசமாக, பாதி புளோரின் ஏறிய முன்னோடிச் சேர்மங்களை அது பெர்புளோரோ ஆக்டனாயிக் அமிலம் போன்ற இறுதி வடிவங்களாக மாற்றிவிடும். ஆக்சிஜனேற்றத்துக்கு முன் இருந்ததைவிடப் பின்னால் அந்த அமிலம் அதிகமாக அளக்கப்படுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். மறைந்திருக்கும் முன்னோடிகளைக் கண்டறியும் ஓர் ஆய்வகச் சோதனையே, 2012-இல், இந்த மாற்றத்தை வேண்டுமென்றே நடத்திப் பார்க்கும் அடிப்படையில் வெளியிடப்பட்டது.

அவற்றுக்கு வேறு வழிகளில் செல்ல வேண்டும். புற ஊதாவும் சல்பைட்டும் சேர்ந்து உண்டாக்கும் நீரேறிய எலெக்ட்ரான், போரான் கலந்த வைர நேர்மின்முனை, 374 டிகிரிக்கும் 22.1 மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட, நீர்மம்-வாயு வேறுபாடு மறைந்த மீயுய்ய நிலை நீர் ஆகியவை ஆராயப்படுகின்றன. வைர மின்முனையில் குளோரைடு நீரை விட்டால் பெர்குளோரேட்டு உருவாகும் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில் இந்தப் புளோரின் சேர்மங்களுள் இரண்டுக்குக் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு விதித்தது. அந்த அளவுக்குப் பெருநீரில் நேரடிச் சிதைப்பு பொருந்தாது. முதலில் கரி, அயனிப் பரிமாற்றி அல்லது சவ்வால் அடர்த்தியாக்கி, அந்தச் சிறு அளவைச் சிதைப்பதே வழி. இதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே திசை மாறிவிடும்.

ஐயப்பாடு

அவருடைய கேள்விக்குச் சொன்ன விடையிலேயே வெளிநீர் அவர்களுக்கான விடையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிறு அளவைச் சிதையுங்கள் என்கிறீர்கள். பிறகு ஏன் 150 கன மீட்டரையும் ஆக்சிஜனேற்றம் செய்யக் கணக்குப் போடுகிறோம்? டையாக்சேனும் டிரையசினும் ஆலையின் எல்லாக் குழாய்களிலிருந்தும் வருவதில்லை. ஏதோ ஒரு தாய்க்கரைசலிலிருந்தோ (படிகங்களைப் பிரித்தபின் எஞ்சும் கரைசல்) கழுவுநீரிலிருந்தோதான் வரும். அதைக் கொதிகலன் வடிநீரோடும் தரை கழுவிய நீரோடும் கலந்து, நீர்க்க வைத்து, நுண்ணுயிர்களுக்குக் காட்டி, கடைசியில் வந்து எந்த முறை சிறந்தது என்று கேட்கிறோம். ஒரு குடம் பாலில் விழுந்த துளி விஷத்தைக் குடத்திலிருந்து எடுக்கப் பார்ப்பது போலிருக்கிறது.

வெளிநீர்

நியாயமான கேள்வி. இன்று குழாய் வரைபடத்தைப் பார்த்தேன். படிகமாக்கும் பிரிவிலிருந்து வரும் தாய்க்கரைசல் நாளொன்றுக்கு 8 கன மீட்டர். டிரையசினும் டையாக்சேனும் அதிலிருந்துதான் வருவதாகத் தெரிகிறது. அதில் மெத்தனாலும் ஒரு விழுக்காடு வரை இருக்கிறது. குளோரைடு பெரும்பாலும் வேறு பிரிவிலிருந்து வருகிறது.

வேதிவினை

அப்படியானால் இழையின் தலைப்பையே மாற்றலாம். எந்த முறை என்பதைவிட எந்த நீர் என்பதே இங்கு தீர்மானிக்கும். ஆனால் மெத்தனாலை வைத்துக்கொண்டு பென்டனைத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு விழுக்காடு மெத்தனால் என்பது லிட்டருக்கு 0.31 மோல், தனி உறுப்போடு அதன் வினைவேக மாறிலி 9.7×10⁸. பெருக்கினால் வினாடிக்கு 30 கோடி. முன்பு கரிமங்கள் முழுவதுக்கும் சேர்த்து 32 லட்சம் என்று கணக்கிட்டதை ஒப்பிட்டுப் பாருங்கள். நுண்ணுயிர்கள் இலவசமாக உண்ணக்கூடிய மெத்தனாலுக்கு உங்கள் பெராக்சைடு முழுவதையும் விருந்து வைத்ததாகிவிடும். முதலில் ஆவியால் மெத்தனாலை வடித்தெடுங்கள். ஆலைக்குக் கரைப்பானாகவும் திரும்பக் கிடைக்கும். டையாக்சேன் நீரோடு சேர்ந்து 88 டிகிரியை ஒட்டிக் கொதிப்பதால் அதில் ஒரு பகுதியும் வடிநீரில் வரும். அதை அளந்து பார்க்க வேண்டும். அடியில் எஞ்சுவதைப் பென்டனுக்கு விட்டு, நடுநிலையாக்கி, உயிரியல் தொட்டியின் நுழைவாய்க்கு அனுப்பலாம். 8 கன மீட்டருக்கான அமிலமும் கசடும் 150-க்கானவற்றோடு ஒப்பிடத் தக்கவை அல்ல.

ஆலைநீர்

அடர்ந்த கரைசலில் பெராக்சைடை ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. வினை வெப்பத்தை உமிழும். சில ஆயிரம் மில்லிகிராம் அளவில் வெப்பநிலை கிடுகிடுவென ஏறி, ஆக்சிஜன் வாயு வெளியேறி, கரைப்பான் ஆவி எஞ்சியிருந்தால் தீ விபத்துக்கே வழிவகுக்கும். சிறிது சிறிதாகச் செலுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். படிப்படியாகச் சேர்ப்பதால் பெராக்சைடு தன்னையே தின்றுகொள்வதும் குறையும்.

ஐயப்பாடு

ஒளிவினையூக்கியை யாரும் ஏன் பேசவில்லை? அதைப் பற்றித்தான் அதிகக் கட்டுரைகள் வருகின்றன.

பகுப்பாய்வு

கட்டுரைகள் அதிகம், ஆலைகள் குறைவு. ஒரு கன மீட்டர் நீரில் ஒரு பொருளைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க எத்தனை கிலோவாட்-மணி என்ற அளவுகோலை, தூய, பயன்முறை வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 2001-இல் வெளியிட்டது. ஓசோன் சார்ந்த முறைகளும் புற ஊதா-பெராக்சைடு முறையும் அதில் பெரும்பாலும் 1-க்குக் கீழே நிற்க, புற ஊதா ஒளிவினையூக்கி முறைகள் 100-ஐத் தாண்டியதை 2018-இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வுரை தொகுத்துக் காட்டியது. அவை பெரும்பாலும் தெளிந்த நீருக்கான எண்கள்.

வெளிநீர்

அனைவருக்கும் நன்றி. அடுத்து நான் செய்யவிருப்பதைப் பதிவிடுகிறேன். தாய்க்கரைசலைத் தனியாகச் சேகரித்து, மெத்தனாலை வடித்தெடுத்து, வடிநீரிலும் எஞ்சியதிலும் டையாக்சேனை அளப்பேன். எஞ்சியதில் மூன்று வகைக் குடுவைச் சோதனைகள்: பென்டன், இரும்பு மட்டும், பெராக்சைடு மட்டும். ஒவ்வொன்றிலும் சி.ஓ.டி., கார்பன், டையாக்சேன், டிரையசினும் அதன் பக்கச் சங்கிலி கழன்ற விளைபொருள்களும், பி.ஓ.டி. விகிதம் ஆகியவற்றைப் பார்ப்பேன். பெராக்சைடை அழிக்கச் சல்பைட்டைத் தவிர்த்து, பி.எச்.-ஐ உயர்த்தி ஓர் இரவு விட்டுவிடலாமா?

பகுப்பாய்வு

ஓர் இரவு விட்டால் அந்த இரவிலும் வினை நடந்துகொண்டிருக்கும்; ஒரு மணி நேர மாதிரி என்று நீங்கள் குறிப்பது உண்மையில் பத்து மணி நேர மாதிரியாகிவிடும். மாதிரி எடுத்தவுடன் பி.எச்.-ஐ 8-க்கு உயர்த்தி இரும்பைப் படியவைத்து வடிகட்டுங்கள். வடிநீரை 7-ஐ ஒட்டிக் கொண்டுவந்து பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து, பெராக்சைடு சோதனைத் தாளில் நிறம் வராமல் போகும்வரை காத்திருங்கள். நொதியும் கரிமமே என்பதால், அதே அளவு நொதி சேர்த்த தூய நீரின் சி.ஓ.டி.-யையும் கார்பனையும் கழிக்க வேண்டும். பி.ஓ.டி. சோதனைக்கு இது மேலும் அவசியம். எஞ்சிய பெராக்சைடு ஆக்சிஜனை வெளியிட்டு அளவீட்டைக் குறைத்துக் காட்டும், விதையாக இடும் நுண்ணுயிர்களையும் கொல்லும். விதையை உங்கள் ஆலைத் தொட்டியிலிருந்தே எடுங்கள். டிரையசினோடு பழகிய நுண்ணுயிர்கள் எங்காவது இருக்குமானால் அங்கேதான் இருக்கும்.